பழமை பேசும் ஊரில் ஒன்பது நாள்

முதல் நாள், சனிக்கிழமை: காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம்

காங்கேசன்துறையில் கப்பலேறும் நேரத்தில் அம்மா என் பைக்குள் கடைசியாகத் திணித்தது ஒரு பொதி ஒடியல் மா: காயவைத்த பனங்கிழங்கை இடித்த மா, மீனும் நண்டும் போட்டுக் கூழ் காய்ச்சுவதற்கு. மீனும் நண்டும் இல்லாத ஊருக்கு ஒடியல் மாவைக் கொண்டுபோய் என்ன செய்வது என்று கேட்டேன். "கிடக்கட்டும், அதென்ன பாரமே?" என்றார். பாரமில்லைதான். யாழ்ப்பாணத்துப் பாஷையூரில் வலை இழுக்கும் குடும்பத்தில் பிறந்து, குருமடத்தில் ஆறு ஆண்டுகள் படித்து முடித்த என்னை, இரண்டு ஆண்டுக் களப்பணிக்காக எங்கள் சபை கொங்கு நாட்டுக்கு அனுப்புகிறது. நான் போகும் பங்கு புஞ்சைப் புளியம்பட்டிக்கும் பவானிசாகர் அணைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் இருக்கிறது. அங்கே ஆறு உண்டு, அணை உண்டு. கடல் மட்டும் இல்லை.

ஏறத்தாழ நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2023 அக்டோபரில்தான் இந்தக் கப்பல் வழி மீண்டும் திறந்தது. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே 111 கிலோமீட்டர். நான்கு மணி நேரத்தில் வந்துவிட்டோம். அலை பெரிதாக இல்லாதபோதும் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்கள். நான் வெளியே நின்று, புனித யோசேப்பு வாஸ் இதே நீரை எதிர்த்திசையில் கடந்ததை நினைத்துக்கொண்டேன். கோவாவில் பிறந்த அவர் 1687-இல் தூத்துக்குடியில் தோணியேறி, ஒல்லாந்தருக்குத் தெரியாமல் ஏழைக் கூலியாளின் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவருக்குத் தமிழும் சிங்களமும் அந்நியம். எனக்கு அந்தத் தொல்லை இல்லை என்று எண்ணிக்கொண்டேன். என்னோடு வார்த்தைப்பாடு கொடுத்த இருவர் ஆப்பிரிக்காவுக்குப் போகிறார்கள். முதல் ஓராண்டு அவர்களுக்கு மொழி வகுப்பிலேயே கழியும். நானோ இறங்கிய அன்றே வேலையைத் தொடங்கலாம் என்ற மிதப்பில் இருந்தேன்.

நாகப்பட்டினத்தில் குடிவரவு அலுவலர் என் கடவுச்சீட்டில் மிஷனரி விசா என்றிருந்ததைப் பார்த்துவிட்டு, "தமிழா?" என்றார். "ஓம்" என்றேன். மந்திரம் சொல்வதைக் கேட்டவரைப் போல நிமிர்ந்து ஒருகணம் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.

இரவு வேளாங்கண்ணியில் தங்கினேன். திருத்தல வாசலில் எங்கள் ஊர்க் குரல்கள் சில கேட்டன. ஊரை விட்டு வந்ததாகவே தோன்றவில்லை.

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை: வேளாங்கண்ணியிலிருந்து புளியம்பட்டி

காலைத் திருப்பலிக்குப் பிறகு பேருந்தில் மயிலாடுதுறை வந்து, அங்கிருந்து கோயம்புத்தூர் போகும் ரயிலில் ஏறினேன். கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வரைக்கும் கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல். கரூரை நெருங்கும்போது பொழுது சாய்ந்தது. நிலம் நிறம் மாறிச் சரளையும் செம்மண்ணுமாகத் தெரிந்தது. நடுநடுவே பனைகள் நின்றன. பனையைக் கண்டதும் எனக்கு வந்த மகிழ்ச்சியைப் பக்கத்தில் இருந்த பின்னலாடைக் கம்பெனி மேலாளரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கேரளாவுங்களா? தமிழ் நல்லாப் பேசறீங்க" என்றார்.

யாழ்ப்பாணம் என்றேன். அவர் முகத்தில் வருத்தம் படர்ந்தது. முகாமில் இருக்கிறீர்களா என்று தணிந்த குரலில் கேட்டார். இல்லை, இப்போதுதான் வருகிறேன், மறைப்பணிக்கு என்று விளக்கினேன். இலங்கையிலிருந்து ஒருவர் இங்கே உதவி கேட்டு வரலாம், பணி செய்யவும் வருவார் என்பது அவருக்குப் புதிய செய்தியாக இருந்திருக்க வேண்டும். ஈரோடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தவர், இறங்குவதற்கு முன் தம் சாப்பாட்டுப் பொட்டலத்தில் பாதியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

திருப்பூரில் பங்குத் தந்தை வண்டியோடு காத்திருந்தார். அவிநாசி வழியாக வந்து, இரவு பத்து மணிக்கு வீடு சேர்ந்தோம்.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை

முழு நாளும் படிவங்களில் போயிற்று. வெளிநாட்டவர் ஒருவரைத் தங்கவைக்கும் வீட்டார் 24 மணி நேரத்துக்குள் படிவம் நிரப்பி இணையத்தில் அனுப்ப வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர் 14 நாளுக்குள் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மாலையில் காவல்துறையிலிருந்து ஒருவர் வந்து, மரியாதையாகப் பேசி, என் அப்பாவின் தொழில் முதல் கப்பல் சீட்டு வரை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனார். "வெளிநாட்டவர்" என்ற கட்டத்தில் என் பெயரைத் தமிழிலேயே எழுதிக் கையொப்பமிட்டபோது சிரிப்புத்தான் வந்தது.

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை

நேற்று வந்த சிரிப்பு இன்று அடங்கிவிட்டது.

பங்கு வீட்டில் சமைப்பவர் எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டி. ஊரார் எல்லோரும் அவரை ஆத்தா என்கிறார்கள், நானும் அப்படியே அழைக்கிறேன். விடியற்காலையில் எழுந்து வந்த என்னைக் கண்டதும் அவர், "தண்ணி வாத்துக்கிட்டு வாங்க சாமி, பலகாரம் ஆகிப்போச்சு" என்றார். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார் என்று விளங்கிக்கொண்டு, வாளியை எடுத்துப்போய் முற்றத்துச் செம்பருத்திக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றிவிட்டுத் திரும்பினேன். ஆத்தா என் உலர்ந்த தலையைப் பார்த்தார். ஈரமான செடிகளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். குளித்துவிட்டு வா என்பதைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள் என்று பங்குத் தந்தை விளக்கியபோது இட்லி ஆறியிருந்தது.

பத்து மணிக்கு அடுத்தது. "செலவு தீந்து போச்சுங்க" என்றார் ஆத்தா. வீட்டுச் செலவுக்குப் பணம் முடிந்துவிட்டது போலும், பங்குத் தந்தையிடம் கேட்கக் கூச்சப்பட்டு என்னிடம் சொல்கிறார் என்று நினைத்து, சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினேன். நூறு இந்திய ரூபாய்க்கு எங்கள் காசில் முந்நூறுக்கு மேல் என்பதால், அந்தத் தாளை நீட்டும்போது கை சற்றுத் தயங்கியதையும் மறைக்காமல் எழுதிவைக்கிறேன். ஆத்தா காசை வாங்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து அடுப்படிக்கு அழைத்துப்போய், அஞ்சறைப் பெட்டியைத் திறந்து காட்டினார். சீரகக் கிண்ணத்தின் அடியில் ஏழெட்டு மணி. மிளகுக் கிண்ணம் காலி. கொத்தமல்லிக் கிண்ணத்தில் தூசி மட்டும். "இதெல்லாந்தான் செலவு" என்று ஒவ்வொரு கிண்ணத்தையும் விரலால் தட்டிக் காட்டினார். குழம்புக்கும் சாற்றுக்கும் வறுத்து அரைக்கும் சாமான்கள் இங்கே செலவு. மிளகும் சீரகமும் தூக்கலாகப் போட்ட சாறு செலவு ரசம். எங்கள் ஊர்ப் பூசணிக்காய்க்கு இங்கே அரசாணிக்காய் என்று பெயர். திருவிழா என்றால் நோம்பி. விருந்தாளி என்றால் ஒரம்பரை. வீட்டுக்குப் பின்புறம் பொடக்காளி. மதியத்துக்குள் என் குறிப்பேட்டில் இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது.

"சாமி" என்ற சொல்லைப் பற்றியும் எழுத வேண்டும். யாழ்ப்பாணத்தில் குருவானவரைச் சுவாமி என்போம். இன்னும் குருவாகாத என்னை ஆத்தா சாமி என்று விளித்தது முதலில் கூச்சமாகவும், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. நான் இன்னும் பிரதர்தான் என்று அவரைத் திருத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாலையில் பக்கத்து வீட்டுப் பையன் கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோது, "அழுவாத சாமி" என்று ஆத்தா அவன் கண்ணைத் துடைத்துவிட்டார். சற்று நேரத்தில் கட்டுத்தறியிலிருந்து கன்று கத்தியது. அதற்கும் "இரு சாமி, வாரேன்" என்று மறுமொழி போயிற்று. திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை.

ஐந்தாம் நாள், புதன்கிழமை

காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். செலவு ரசம் மட்டும் குடித்தேன்.

ஆறாம் நாள், வியாழக்கிழமை: புளியம்பட்டிச் சந்தை

உடம்பு தேறியதால், பங்கில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாரோடு புஞ்சைப் புளியம்பட்டிக் கால்நடைச் சந்தைக்குப் போனேன். மாடும் ஆடும் புழுதியும் குரலுமாக அந்த மைதானம் காலை வேளையிலேயே நிரம்பியிருந்தது. காங்கயம் காளைகளை நான் படத்தில்தான் கண்டிருந்தேன். கன்று செவலையாகப் பிறந்து, ஆறு மாதம் போல ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு மாறும் என்று உபதேசியார் சொன்னார். மாறிக்கொண்டிருந்த கன்று ஒன்று அங்கேயே கட்டியிருந்தது. காதோரத்திலும் தொடையிலும் இன்னும் செம்மை இருந்தது.

இத்தனை இரைச்சலுக்கு நடுவில் விலை மட்டும் வாயால் பேசப்படவில்லை. தரகர் ஒருவர் தம் தோளிலிருந்த துண்டை எடுத்து, வாங்க வந்தவரின் கைமேலும் தம் கைமேலுமாகப் போட்டு மூடினார். துண்டுக்கு அடியில் விரல்கள் அசைவது மட்டும் தெரிந்தது. எத்தனை விரலை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதில் விலை இருக்கிறதாம். வாங்குபவர் உதட்டைப் பிதுக்கிக் கையை உருவிக்கொண்டார். தரகர் சிரித்தபடி துண்டை உதறிவிட்டு, விற்பவரிடம் போய் அதே போல மூடினார். மூன்று முறை போய்வந்தார். பிறகு மாட்டின் கயிறு கை மாறியது. பக்கத்தில் நின்ற நான் ஓர் எண்ணைக்கூடக் கேட்கவில்லை. இரண்டு கையிலும் மூடுபொருள் இல்லாமல், ஊரறியப் பேசிப் பிழை செய்துகொண்டிருந்த எனக்கு, அந்தத் துண்டின்மேல் பொறாமையே வந்தது.

அங்கேதான் பங்கைச் சேர்ந்த ஒரு விவசாயியை உபதேசியார் அறிமுகப்படுத்தினார். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் அவருக்கு நிலம். தண்ணீர் விட்டிருப்பதால் கடலை போட்டிருக்கிறாராம். மேட்டுநிலத்துச் சொந்தக்காரர்கள் அவிநாசி–அத்திக்கடவுத் திட்டத்தை நம்பியிருப்பதைப் பற்றியும் சொன்னார். 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்ட அந்தத் திட்டம், பவானி ஆற்றின் உபரி நீரைக் குழாயில் ஏற்றி, வறண்ட பக்கத்துக் குளம் குட்டைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றுக்குக் கொண்டுபோகிறது. பேச்சு முடியும்போது அவர், "நாளைக்குச் சாளைக்கு வாங்க பிரதர், பழமை பேசலாம்" என்று அழைத்தார். சாளை என்றால் இங்கே தோட்டத்து வீடு.

பழமை என்றதும் ஊரின் பழைய வரலாறு, குடும்பத்தின் முன்னோர் கதை என்று மனம் போயிற்று. மகிழ்ந்து, "ஓம், நாளைக்கு வந்து ஆறுதலாகக் கதைக்கிறேன்" என்றேன். எங்கள் ஊரில் இதைவிட அன்பான மறுமொழி இல்லை: அவசரம் இல்லாமல், நேரம் எடுத்து, உட்கார்ந்து பேசுவேன் என்பதே அதன் பொருள். அவர் முகம் சட்டென்று மாறியதைப் பார்த்தேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை: சாளையும் அணையும்

விடியுமுன் உபதேசியார் வந்து கதவைத் தட்டினார். அந்த விவசாயியின் மாமியார் மூன்று நாளாகக் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறாராம். ஆறுதல் சொல்ல வருகிறேன் என்று பிரதரே சொல்லிவிட்டதால், பங்கு வீட்டுக்கு ஏதோ செய்தி வந்திருக்கிறது, தமக்கு மறைக்கிறார்கள் என்று அவர் வீட்டில் ராத்திரி முழுவதும் யாரும் தூங்கவில்லை. மருத்துவமனையில் துணைக்கு இருக்கும் மகளோ கைப்பேசியை அணைத்து வைத்திருக்கிறார். நள்ளிரவில் பேரன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் போய், கிழவி தூங்கிக்கொண்டிருப்பதைக் கண்ணால் கண்ட பிறகுதான் வீட்டுக்குத் தகவல் சொன்னானாம்.

நான் உடனே கிளம்பிப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கான சொற்களை வழி நெடுக அடுக்கினேன். ஒவ்வொரு சொல்லும் இங்கே என்ன பொருள் தரும் என்ற அச்சத்தில் ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்தேன். சாளையின் முன்னால் இறங்கியபோது பேரன்தான் எதிரே வந்தான். இருபது வயதிருக்கும், தூக்கமில்லாத கண். "ஏனுங்க பிரதர், அமுச்சிக்கு ஒன்னுமில்லீங்களே?" என்று முகத்தை மிகக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டான். நான் திணறினேன். உள்ளேயிருந்து சிரிப்பு வெடித்தது. கோயமுத்தூர்க் குசும்பைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தேன். அன்று நேரில் வாங்கிக்கொண்டேன்.

அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோற்றில் நெய்யை ஊற்றி என் முன்னால் வைத்தார்கள். பழமை பேசுவது என்றால் இங்கே வெறுமனே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது என்று அவர்கள் எனக்கு விளக்கினார்கள். கதைப்பது என்றால் எங்கள் ஊரில் அதுவேதான் என்று நான் அவர்களுக்கு விளக்கினேன். "அப்ப ரெண்டு பேரும் ஒன்னத்தான் சொல்லியிருக்கறம்" என்றார் அந்த வீட்டம்மா. ஆறுதல் ஒன்றுதான் இடையில் வந்து கெடுத்தது. இங்கே கதை என்றால் இல்லாததைச் சொல்வது என்றும் பொருள் படுமாம். "கதை உடறான்" என்பார்களாம். திருப்பலிக்குப் பிறகு உங்களோடு கதைக்கிறேன் என்று முதல் நாளே பத்துப் பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உணவுக்குப் பிறகு பேரன் என்னைப் பவானிசாகருக்கு அழைத்துப் போனான். பவானியும் மாயாறும் சேரும் இடத்தில் 1948-இல் தொடங்கி 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட மண் அணை அது. நீளம் 8 கிலோமீட்டருக்கும் மேல், தேக்கும் உயரம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. இங்கிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. நீருக்கு அடியில் டணாய்க்கன்கோட்டை என்ற பழைய ஊர் இருக்கிறது என்றும், மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் கோயிலின் கல் மண்டபம் வெளியே தெரியும் என்றும் அவன் சொன்னான். அவனுடைய தாத்தா அதனுள் நடந்து போயிருக்கிறாராம். இன்று நீர்தான் தெரிந்தது. கரைவரை வந்து, திரும்பிப் போக அலையில்லாமல் நின்ற அவ்வளவு நீரை நான் இதற்குமுன் பார்த்ததில்லை. மூக்கு உப்பைத் தேடியது.

கரையில் பரிசலைக் கவிழ்த்து வைத்து மீனவர் ஒருவர் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். நான் கடற்கரை ஊர்க்காரன், அப்பாவுக்குத் தொழிலே இதுதான் என்று பேரன் சொல்லிவைத்துவிட்டான். "அப்படியா, ஏறுங்க" என்றார் அவர். மூங்கில் பின்னி, அடியில் தார்ப்பாய் ஒட்டிய அந்த வட்டக் கலத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தோணியில் வலிப்பதைப் போலப் பக்கவாட்டில் துடுப்பைப் போட்டேன். பரிசல் ஒரு சுற்று சுற்றியது. மறுபக்கம் போட்டேன்; எதிர்த்திசையில் சுற்றியது. கரையிலிருந்து இரண்டு பாகம்கூட விலகாமல், அணையையும் மலையையும் மாறி மாறி நான்கு முறை பார்த்தேன். "கடல்ல இப்படித்தான் போவீங்களா?" என்றார் மீனவர், குரலில் சிரிப்பே இல்லாமல். பிறகு துடுப்பை வாங்கி, தமக்கு நேர் முன்னால் நீரில் இறக்கி, எட்டுப் போடுவதைப் போல வளைத்துத் தம் பக்கம் இழுத்தார். பரிசல் வரைந்த கோடு போல நேரே போயிற்று. தண்ணீரைத் தள்ளக் கூடாது, நம்மிடம் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். ஆறாவது முறை எனக்கும் கொஞ்சம் வந்தது.

அணைக்கு அருகே வறுத்த மீன் விற்கிறார்கள். ஜிலேபி என்ற பெயரைக் கேட்டதும் இனிப்பென்று எண்ணி வேண்டாம் என்றேன். பேரன் தட்டை என் முன்னால் தள்ளினான். மிளகாய்த்தூள் பூசி மொறுமொறுவென்று வறுத்த மீன். கடல் மீனின் சுவை அதில் இல்லை, மண்வாசம் லேசாக இருந்தது. இருந்தாலும் ஒரு கிழமைக்குப் பிறகு கிடைத்த மீனாயிற்றே. தவக்காலத்து வெள்ளிக்கு விலக்கு இறைச்சிதான், மீன் அன்று என்று விதி வகுத்த திருச்சபைக்கு நன்றி சொல்லி மூன்று துண்டு தின்றேன்.

எட்டாம் நாள், சனிக்கிழமை: கருமத்தம்பட்டி

பங்குத் தந்தைக்குக் கோயம்புத்தூரில் ஒரு வேலை. சற்றுச் சுற்றுவழியானாலும் கருமத்தம்பட்டி வழியாகப் போகலாம் என்று அவரே சொன்னார். அங்குள்ள செபமாலை அன்னை ஆலயம் 2019-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. கட்டடத்தை விட, அங்கே வாழ்ந்த ஒருவரை எண்ணித்தான் போனேன்.

மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக், பிரான்சில் 1813-இல் பிறந்தவர். பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையில் சேர்ந்து, 1842-இல் புதுச்சேரிக்கு வந்து தமிழ் கற்றார். 1846 அக்டோபர் 4 அன்று இந்தக் கருமத்தம்பட்டியிலேயே ஆயராகத் திருநிலை பெற்றபோது அவருக்கு 32 வயது. எனக்கும் அவருக்கும் இடையில் ஏழு ஆண்டுதான். உள்ளூர் மக்களிலிருந்தே குருக்கள் உருவாக வேண்டும், வெளியிலிருந்து வந்தவர் அவர்களுக்கு வழிவிட வேண்டும் என்று தொடக்கத்திலிருந்தே வாதிட்டவர். உள்ளூர்ச் சடங்குகளை எதுவரை ஏற்பது என்ற பிணக்கில் மனம் உடைந்து, 1855-இல் பொறுப்பைத் துறந்தார். அடுத்த ஆண்டே லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859-இல் சியரா லியோனின் பிரீடவுன் நகரில் இறங்கிய ஆறு வாரத்தில், அங்கே பரவியிருந்த காய்ச்சலுக்குத் தாமும் பலியானார்.

பீடத்துக்கு எதிரே உட்கார்ந்து, இந்த மனிதர் தமிழில் செய்த முதல் பிழை என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தேன். நிச்சயம் நிறையச் செய்திருப்பார்; ஆனால் அவர் வாய் திறந்ததுமே அந்நியர் என்று கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும், பொறுத்துக்கொண்டு பொருளைத் தேடுவார்கள். என் நிலை அதனினும் இக்கட்டானது. நான் பேசுவதும் தமிழ் என்பதால் யாரும் பொருளைத் தேடுவதில்லை; தங்கள் பொருளை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அவர்கள் பேச்சை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். ஆப்பிரிக்காவுக்குப் போன என் தோழர்களுக்கு ஓராண்டு வகுப்பு இருக்கிறது. எனக்கு வகுப்பே இல்லை என்று பெருமைப்பட்ட அந்தக் கப்பல் நேரத்தை நினைத்து வெட்கமாக இருந்தது.

இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதியதோடு, பேச்சுத் தமிழுக்கெனக் கொடுந்தமிழ் இலக்கணத்தையும் தனியே எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. பின்னால் வரும் மறைப்பணியாளர்களுக்காக அவர் அதை லத்தீனில் எழுதினார். தமிழருக்கும் அது தேவைப்படும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். திரும்பும் வழியில் இதைச் சொன்னபோது பங்குத் தந்தை சிரித்துவிட்டு, "அந்தப் புத்தகத்துல செலவு இருக்காதுங்க பிரதர். அதுக்கு ஆத்தாதான்" என்றார்.

அதனால் திங்கட்கிழமை முதல் தினமும் ஒரு மணி நேரம் அடுப்படியில் ஆத்தாவிடம் உட்காருவது என்று முடிவாகியிருக்கிறது. கட்டணமாக நான் வெங்காயம் உரிக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை

காலைத் திருப்பலி முடிந்தபின் பங்குத் தந்தை என்னை மக்களுக்கு அறிமுகப்படுத்தி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். ஆறுதல், கதை இரண்டையும் தவிர்த்துப் பேசிவிட்டு இறங்கினேன். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி எழுந்து, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டபடி என்னை நோக்கி வந்தார்.

"தம்பி, நீர் எந்த இடம்?"

அந்த "நீர்" என்ற ஒரு சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பாஷையூர் என்றேன். தாம் பேசாலை என்றார். 1990-இல் மன்னாரிலிருந்து படகேறி, மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து பவானிசாகர் முகாமுக்கு அனுப்பப்பட்டவர். அகதிகள் முகாம் என்ற பெயர் 2021-இல் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாறியிருக்கிறது. இந்த மூதாட்டியின் வாயில் அது இன்னும் வெறும் "காம்ப்"தான். வந்தபோது மடியில் இருந்த மகளுக்குக் கல்யாணமாகி, பேரன் இப்போது எட்டாம் வகுப்பு. என் கடவுச்சீட்டில் நான் திரும்ப வேண்டிய தேதி அச்சிட்டிருக்கிறது. அந்தச் சிறுவனிடம் கடவுச்சீட்டே இல்லை. பிறந்த ஊர் பவானிசாகர், நாடு எது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியிலிருந்து எவரும் அனுமதி இல்லாமல் முகாமுக்குள் போக முடியாது. நானோ வெளிநாட்டவன் என்பதால் இன்னும் ஒரு படி கூடுதலாகக் கேட்டு வாங்க வேண்டும் என்று பங்குத் தந்தை சொன்னார். அதுவரை ஆலயத்தின் வேப்பமரத்தடிதான் எங்களுக்கு.

மரத்தடியில் அமர்ந்ததும் அவர் என் ஊரைப் பற்றியோ நாட்டு நிலவரத்தைப் பற்றியோ கேட்கவில்லை. "பனாட்டு, ஒடியல் ஏதும் கொண்டு வந்தனீரோ?" என்றுதான் கேட்டார். நான் பங்கு வீட்டுக்கு ஓடிப்போய், பெட்டியின் அடியில் கிடந்த பொதியை எடுத்து வந்தேன். அவர் கட்டை அவிழ்த்து, ஒரு சிட்டிகை மாவை உள்ளங்கையில் போட்டு விரலால் தேய்த்து முகர்ந்தார். நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார். "நல்லாக் காய்ஞ்ச கிழங்கு. இடிச்ச மா, மில்லில அரைச்சதில்லை" என்று என் அம்மாவுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டு, நண்டும் இறாலும் இங்கே கிடையாது, அணை மீனைத்தான் போட வேண்டும், புளி கூடுதலாக வேண்டும், பயத்தங்காய் கிடைக்காவிட்டால் அவரைக்காய் என்று தமக்குத் தாமே கணக்குப் போடத் தொடங்கினார். பக்கத்தில் ஆத்தாவும் வந்து உட்கார்ந்துவிட்டார். ஒருவர் கூழுக்கு வேண்டிய சாமான்களைச் சொல்ல, மற்றவர் அவற்றில் எது எங்கள் வீட்டுச் செலவுப் பெட்டியில் இருக்கிறது என்று சொன்னார். இரு மூதாட்டிகளுக்கும் இடையே எந்தச் சொல்லும் தடுக்கவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் பேசிப் பழகிய வாய்கள்.

அதுவரை ஒதுங்கி நின்று பந்தைக் காலால் உருட்டிக்கொண்டிருந்த பேரன் அருகே வந்தான். மாவை எட்டிப் பார்த்தான்.

"அம்மம்மா, கூழுன்னா கம்பங்கூழுங்களா?"

மீன் வாங்கிவரும் பொறுப்பை அவனிடமே கொடுத்திருக்கிறோம். வரும் ஞாயிறு, திருப்பலிக்குப் பிறகு.